மாத்தளை முதல் பதுளை வரை: வழியனுப்பும் பாதை

இலங்கையின் மலைநாட்டு ரயில் பாதையைப் பற்றி எழுதப்பட்டவற்றுள் பெரும்பகுதி அதன் சுரங்கங்களையும் பாலங்களையும் தேயிலைச் சரிவுகளையும் வருணிப்பதோடு நின்றுவிடுகிறது. மாத்தளையில் புறப்பட்டு, கட்டுகஸ்தோட்டையில் மகாவலியைக் கடந்து, கண்டியையும் பேராதனையையும் தொட்டுப் பதுளையில் முடியும் அவ்விருப்புப் பாதைக்கு, அந்நூல்கள் கவனிக்காத பயன் ஒன்றும் உண்டு: இராணுவ அதிகாரிகளாகத் தெரிவான தம் பிள்ளைகளை, தியத்தலாவையிலுள்ள இலங்கை இராணுவ அக்கடமிக்குக் கண்டிப் பிரதேசத்துப் பெற்றோர் அனுப்பிவைக்கும் வழி அது. இவ்வாறு செல்வோரை அரச ஆவணங்கள் 'பயிலிளவல் அதிகாரிகள்' எனக் குறிக்கும். ஊரார் 'கெடெற்' என்பர்.

மாத்தளைக் கிளைப்பாதை 1880 இல் திறக்கப்பட்டது கோப்பிக்காகவே. அதற்கு முந்திய தசாப்தங்களில் தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர் மன்னார்க் கரையிலிருந்து காடு வழியே நடந்து வந்து சேர்ந்த ஊரும் மாத்தளையே; மாசிமகத்தன்று ஐந்து தேர்கள் இழுக்கப்படும் முத்துமாரியம்மன் கோயில் அவ்வருகையின் நினைவைத் தாங்கி நிற்கிறது. வத்தேகமையைத் தாண்டியதும் பாதை ஆற்றை நோக்கி இறங்குகிறது.

இப்பாதையில் நின்று பார்க்க வேண்டிய இடம் கட்டுகஸ்தோட்டை. 1976 இல் பொல்கொல்லையில் அமைக்கப்பட்ட அணை, மகாவலி நீரில் ஒரு பகுதியைச் சுரங்கம் வழியாக உக்குவெலைக்குத் திருப்பிவிடுகிறது; அவ்வணையின் தேங்குநீர் மேல்நோக்கிப் பரவி நிற்பதால், ரயில் பாலத்தின் கீழே ஆறு பெரும்பாலான நாட்களில் அகன்ற குளம்போல அசைவின்றிக் கிடக்கிறது. ஒருகாலத்தில் பாகன்மார் யானைகளைக் குளிப்பாட்டிய இக்கரையில் இன்று பிங்கா ஓயா என்னும் சிற்றாறு ஊர்க்கழிவுகளைச் சுமந்துவந்து கலக்கிறது. ஊருக்கு நீரும் அழகும் தந்த ஆற்றை இந்நிலைக்கு விட்டிருப்பது மன்னிக்கத்தக்கதன்று. கரையோரத்தில் 1854 இல் நிறுவப்பட்ட புனித அந்தோனியார் கல்லூரி நிற்கிறது. இத்தகைய பாடசாலைகளின் மாணவர் படையணிகளில், அதாவது சீருடையும் அணிநடையும் பழக்கும் மாணவர் குழுக்களில், பயின்றோர் சிலருக்குத் தியத்தலாவை புதிய பெயரன்று. படையணிகளுக்கிடையிலான ஹேர்மன் லூஸ் கிண்ணப் போட்டிக்கான முகாம் நீண்டகாலம் அங்கேயே நடைபெற்றது.

புறப்படும் நாளின் சடங்குகள் வீட்டுக்கு வீடு வேறுபடுகின்றன. சிங்கள வீட்டில் பிள்ளை வெற்றிலைக் கட்டை இரு கைகளாலும் பெற்றோரிடம் கொடுத்து மண்டியிட்டு வணங்குவதும், பிக்குமார் பிரித் என்னும் காப்போதல் முடித்துத் தந்த வெண்ணூலைத் தாய் மணிக்கட்டில் கட்டிவிடுவதும் வழக்கம். முஸ்லிம் வீட்டில் துஆ ஓதப்படும். கத்தோலிக்கத் தாய் நெற்றியில் சிலுவை வரைவாள். தமிழ் வீட்டில் பிள்ளை காலில் விழுந்தெழத் திருநீறு பூசப்படும். இறுதியாகச் சொல்லப்படுவன எல்லா வீட்டிலும் ஏறக்குறைய ஒன்றே: நேரத்துக்குச் சாப்பிடு, மழையில் நனையாதே, போய்ச் சேர்ந்ததும் கோல் எடு. பயிற்சியின் தொடக்க வாரங்களில் விடுமுறைக்கும் தொலைபேசிக்கும் கட்டுப்பாடு உண்டென்பதைத் தந்தை அறிந்திருந்தாலும், அந்தக் கடைசி வேண்டுகோளைத் தடுப்பதில்லை.

தமிழ் வீடுகளில் இவ்வகை விடைபெறல் அரிதாகிப்போனதற்கு வரலாறு உண்டு. நாட்டின் இராணுவத்துக்குத் தலைமை வகித்த முதல் இலங்கையர், 1955 இல் அப்பதவியேற்ற அன்ரன் முத்துக்குமாரு, ஒரு தமிழர். பின்வந்த தசாப்தங்களில் தமிழ் அதிகாரிகளின் தொகை மிகச் சுருங்கியது. 1983 ஜூலையில் தமிழருக்கு எதிரான வன்செயலில் மாத்தளையும் கண்டியும் எரிந்த பின், அயல்வீட்டுச் சிங்களப் பிள்ளை பெட்டியோடு இறங்குகையில் வாசலில் நின்று கையசைத்த தமிழ்த் தாயின் மனத்தில், அப்பிள்ளை மீதான அன்பும் அவன் போருக்கு அனுப்பப்படவிருந்த வடக்கைப் பற்றிய அச்சமும் ஒருசேர இருந்தன. அவ்விரண்டில் ஒன்றை மட்டும் பதிவுசெய்யும் போர்க்கால வரலாறு எந்த மொழியில் எழுதப்பட்டாலும் குறையுடையதே. கண்டி திரித்துவக் கல்லூரியில் பயின்ற ஜெனரல் டென்சில் கொப்பேகடுவ 1992 ஓகஸ்ட் 8 அன்று யாழ்ப்பாணத்து அராலியில் கண்ணிவெடியில் உயிரிழந்தபோதும், பெயர் அறியப்படாத சிப்பாய்மாரின் உடல்கள் திறக்கக்கூடாத பெட்டிகளில் கிராமங்களுக்குத் திரும்பியபோதும், வழியனுப்பிய நாள் அவ்வீடுகளில் வேறு பொருள் கொண்டது.

மாத்தளைப் பக்கத்திலிருந்து பதுளைக்கு நேரடி ரயில் இல்லாமையால் கண்டியில் மாறவேண்டும். 2025 நவம்பர்ப் புயலில் பாதை குலைவதற்கு முன், கொழும்பிலிருந்து கண்டிக்குள் நுழைந்து சென்ற பொடி மெனிக்கே என்னும் ரயில், பதுளைக்குப் போக வந்த வழியே பேராதனைக்குத் திரும்ப வேண்டியிருந்ததால், கண்டியில் அதன் எஞ்சின் மறுமுனைக்கு மாற்றப்பட்டது. யன்னலோரம் நின்ற பெற்றோருக்குக் கிடைத்த கூடுதல் நிமிடங்கள் அவை. எசல மாதத்தில், அதாவது ஆடி ஆவணியை ஒட்டிய பெரஹர என்னும் ஊர்வல விழா நாட்களில், இதே மேடை தாளக்காரரும் நடனக்காரரும் வெளியூர் யாத்திரிகரும் நிரம்பி, பெட்டியை இறக்கிவைக்கவும் இடமின்றிப் போகும். நாத, விஷ்ணு, கதிர்காம, பத்தினி தேவாலயங்களின் ஊர்வலங்கள் தலதா மாளிகையின் ஊர்வலத்தைப் பின்தொடர்வதால் சைவர்களுக்கும் அவ்விழா அந்நியமன்று. அதன் இறுதி ரந்தோலி ஊர்வலம் முடிந்ததும் புனித தந்தப் பேழை அஸ்கிரியவில் தங்கும். விடியலில் கெட்டம்பேயில் மகாவலி நீரை வாளால் வெட்டிக் குடங்களில் முகந்து, அடுத்த ஆண்டுவரை தேவாலயங்களில் காப்பர். பிள்ளையைத் தியத்தலாவைக்கு அனுப்பிய குடும்பத்தினர் அவ்விழாவின் ஓரிரவையாவது அவனுக்காக நேர்ந்து நிற்பது கண்டியில் இயல்பான காட்சி.

பேராதனைக்கு அப்பால் கம்பளை, நாவலப்பிட்டி, ஹட்டன், நானுஓயா எனப் பாதை ஏறுகிறது. இங்குள்ள லயன்களிலிருந்தும், அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளிலிருந்தும், பிள்ளைகள் இதே மேடைகளில் விடைபெறுகின்றனர். அவர்கள் போவது பெரும்பாலும் கொழும்புக் கடைகளுக்கும் வளைகுடா நாடுகளுக்கும்.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின் மழையும் மண்சரிவும் மலைநாட்டுப் பாதையைப் பல இடங்களில் குலைத்தன. சேதத்துக்கு மழை மட்டும் காரணமன்று. பாதையோரச் சரிவுகளும் வடிகால்களும் நெடுங்காலமாகப் போதிய பராமரிப்பின்றி விடப்பட்டவை. புயலுக்கு முன்னரே எல்லவைக் காணவரும் வெளிநாட்டுப் பயணிகளுக்கான இருக்கைகளை இடைத்தரகர் முற்கூட்டியே வாங்கி உயர்விலைக்கு விற்றமையால், உள்ளூர்க் குடும்பங்கள் நின்றுகொண்டே பயணஞ்செய்யவோ கடன்பட்டு வேன் பிடிக்கவோ நேர்ந்தது. பாதையைச் சீர்செய்யும்போது எல்லவுக்கு அருகிலுள்ள ஒன்பது வளைவுப் பாலத்தின் நிழற்படங்களுக்கு முன்னதாக இவர்களின் தேவை கணக்கிலெடுக்கப்பட வேண்டும். மாத்தளையிலிருந்து கண்டி வழியாகப் பதுளைக்கு ஒரு நேரடி ரயில் விடப்பட வேண்டும். அதில் உள்ளூராருக்கென இருக்கைகள் ஒதுக்கப்பட வேண்டும்.

பட்டிப்பொலையின் உச்சியைக் கடந்து ஹப்புத்தளை வழியாக இறங்கினால் தியத்தலாவை வரும். 1900 இல் தென்னாபிரிக்கப் போரில் பிடிபட்ட போயர்கள் அங்கே அடைக்கப்பட்டனர். இரு உலகப்போர்களிலும் ஜெர்மானியர் தடுத்துவைக்கப்பட்டனர். அவர்களுள் ஒருவரான ஞானபோனிக தேரர் பிற்காலத்தில் கண்டியில் பௌத்த நூல் வெளியீட்டுச் சங்கத்தை நிறுவினார். சுதந்திரத்துக்குப் பின் பல ஆண்டுகள் அதிகாரிப் பயிற்சிக்கு இங்கிலாந்தின் சாண்ட்ஹர்ஸ்டுக்கே இளைஞர் அனுப்பப்பட்டனர்; தியத்தலாவைப் பயிற்சி நிலையம் 1981 இல் அக்கடமி என்னும் தகுதி பெற்றது. பயிற்சி முடிவில் நடைபெறும் விடுகை அணிவகுப்பைக் காணப் பெற்றோர் அழைக்கப்படுகின்றனர்; பிள்ளையை அனுப்பிவைத்த கண்டிப் பெற்றோர் இப்பாதையில் தாமே பயணஞ்செய்யும் நாள் அது.

பண்டாரவளை, எல்ல, தெமோதரை வழியாக 1924 இல் எட்டப்பட்ட பதுளையில் பாதை முடிகிறது. அவ்வூர்ப் பெற்றோருக்குத் தியத்தலாவை சிறு தொலைவே. காலையில் பிள்ளையைக் கொண்டுபோய் விட்டு மாலைக்குள் வீடு திரும்பிவிடுவர். மாத்தளைத் தாய்க்கோ, தன் பிள்ளையைக் காண ஒரு பகல் முழுவதும் பயணம்.