பாட விடாதவர்களும் பாடியவர்களும்

தஞ்சாவூரிலிருந்து திருவையாற்றுக்குப் பதின்மூன்று கிலோமீட்டர்தான். அதற்குள் வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என்று ஐந்து பாலங்கள். தை மாதம், சம்பாக் கதிர் தலைசாய்ந்து அறுப்புக்கு நின்றது. பேருந்து நிறைய தியாகராஜ ஆராதனைக்குப் போகிற கூட்டம். என் காதில் ஓடிக்கொண்டிருந்ததோ மாலி நாட்டுப் பாடகர் சலீஃப் கெய்ட்டா. (இந்தப் பக்கம் மாலி என்றால் திருவிடைமருதூர்ப் புல்லாங்குழல் மாலிதான். அவர் பொறுத்துக்கொள்வார்.)

கெய்ட்டா 1949-இல் நைஜர் ஆற்றங்கரை ஜோலிபாவில் பிறந்தார். அதுவும் நெல் விளைகிற ஆறுதான். கறுப்புத் தாய் தகப்பனுக்குத் தோலிலும் முடியிலும் நிறமில்லாத பிள்ளை; அல்பினிசம் என்பார்கள். ஆசிரியராக ஆசைப்பட்டார், பார்வைக் குறைவு தடுத்தது. பாடலாமென்றால் குலம் தடுத்தது. மாலிப் பேரரசை நிறுவிய சுண்டியாட்டாவின் வம்சம் அவருடையது. பாடுவது பாணர் குலத்தின் வேலை, அரச குலத்தார் வாய் திறக்கக் கூடாது. எந்த வீட்டுப் பிள்ளை நாகசுரம் தொடலாம் என்று வகுத்து வைத்திருந்த தஞ்சாவூர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கெய்ட்டா தலைநகர் பமாக்கோவுக்குப் போய் ரயில் நிலைய ஓட்டலின் இசைக்குழுவில் பாடகரானார்.

2018-இல் ஃபானா என்ற மாலி ஊரில், அல்பினிசத்தோடு பிறந்த ஐந்து வயதுச் சிறுமியை மந்திர நம்பிக்கைக்காகக் கடத்திக் கொன்றார்கள். அந்த ஆண்டு நவம்பரில் அதே ஊருக்குப் போய்க் கச்சேரி நடத்தினார் கெய்ட்டா. தான்சானியாவில் விக்டோரியா ஏரித் தீவான உக்கரேவேயில் அல்பினிசம் உள்ளவர்கள் சேர்ந்து பாடி 2017-இல் ஓர் இசைத்தொகுப்பே வந்தது. தேவாலயத்தில்கூடப் பாட விடப்படாதவர்கள் அவர்களில் உண்டு.

இங்கே கொலையில்லை, வாய்ப்பேச்சுதான். கண்டியூரில் ஒரு பெண் ஏழெட்டு வயதுப் பையனோடு ஏறினார். தொப்பிக்குள் வைக்கோல் நிற முடி, வெளிச்சத்துக்கு இடுக்கிய கண்கள்.

“ஏம்மா, இது என்ன சீக்கு? ஒட்டுமா?” என்றார் முன் இருக்கைப் பெரியவர்.

“சீக்கெல்லாம் இல்லீங்கய்யா. பொறப்புலயே இப்படித்தான். வெயிலு ஆவாது, போர்டுல எழுதுறது தெரியாது. மத்தபடி நல்லா பாடுவான்.”

அல்பினிசத்தை அந்தத் தாய் நாலு வார்த்தையில் சொல்லிவிட்டார். தோலுக்கு நிறம் தரும் மெலனின் கண்ணுக்கும் வேண்டும். அது குறைந்தால் விழித்திரையின் நடுப்பகுதி முழுதாக வளராது, கண்மணி ஆடிக்கொண்டே இருக்கும், கண்ணாடி போட்டாலும் பார்வை முழுசாகத் திரும்பாது. வெயிலில் தோல் வெந்துபோகும், பிற்பாடு புற்றுநோய்க்கும் வழியாகும். நடவுக்கும் களையெடுப்புக்கும் வெயிலில் நிற்கிற குடும்பத்தில் இது பெரிய சங்கடம். பெரும்பாலான வகைகளில் தாய், தகப்பன் இருவரிடமும் அதற்கான மரபணு இருந்தால்தான் வரும். அக்காள் மகள், மாமன் மகள் என்று சொந்தத்துக்குள்ளேயே முடிக்கும் நம் கல்யாணங்கள் அந்த வாய்ப்பைக் கூட்டுகின்றன. 2016-இன் மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் அல்பினிசம் என்ற பெயரே இல்லை. குறைபார்வை என்ற கணக்கில்தான் சான்றிதழ் வாங்க வேண்டும்.

திருவையாற்று ஆராதனைப் பந்தலில் ஆண்களும் பெண்களும் வரிசை வரிசையாக உட்கார்ந்து பஞ்சரத்தினம் பாடினார்கள். டிக்கெட் கிடையாது, யாரும் உட்காரலாம். ஒரு காலத்தில் இங்கே பெண்கள் பாடக் கூடாது. தேவதாசி மரபில் வந்த பெங்களூர் நாகரத்தினம்மாள் தம் சொத்தைப் போட்டு 1920-களில் தியாகராஜர் சமாதிக்குக் கோயில் கட்டினார். கட்டியவருக்கே பாட இடமில்லை. பெண்களைத் திரட்டிக் கோயிலின் பின்புறம் தனியாகப் பாடினார். தனித்தனியாக ஆராதனை நடத்திய கட்சிகள் 1940-ஐ ஒட்டித்தான் ஒன்றாயின. இன்று அவருக்கும் அங்கே நினைவிடம் இருக்கிறது. பாடும் உரிமை இந்த மண்ணில் சும்மா கிடைத்ததில்லை.

ஜூன் 13 உலக அல்பினிச விழிப்புணர்வு நாள். 2015 முதல் ஐ.நா. கடைப்பிடிக்கிறது. குறுவைக்கு மேட்டூர் அணை திறக்க வழக்கமாகக் குறிக்கும் ஜூன் 12-க்கு மறுநாள். டெல்டா சபாக்காரர்களுக்கும் தஞ்சாவூர்த் தென்னகப் பண்பாட்டு மையத்துக்கும் ஒரு வேண்டுகோள்: அன்று ஒரு கச்சேரி வையுங்கள். நம் தவிலோடு ஒரு மாலிக்காரரின் இருபத்தோரு தந்திக் கோராவையும் மேடையேற்றுங்கள். வெயில் தாழ்ந்து ஆறரைக்கு ஆரம்பியுங்கள். கண் கூசாத விளக்குப் போடுங்கள், முன்வரிசையை அல்பினிசம் உள்ள பிள்ளைகளுக்கு விடுங்கள். முதல் பாட்டும் அவர்களுடையதாக இருக்கட்டும்.