நூறு வருஷத் தவணை

ஒரு கதையைப் படமாக எடுக்கும்போது எதை மாற்றலாம், எதை மாற்றக் கூடாது என்பது பழைய வழக்கு. கதாசிரியர் ஒரு கட்சி. படம் எடுப்பவர் எதிர்க் கட்சி. வாசகர்கள் பெரும்பாலும் கதாசிரியருக்குத்தான் சாட்சி சொல்வார்கள். நானும் அந்தத் தொழில்காரன் ஆகையால் என் தீர்ப்பு எப்படி இருக்கும் என்று நீங்கள் ஊகித்திருப்பீர்கள். இருந்தாலும் எதிர்க் கட்சிக்காக இன்று ஒரு வார்த்தை சொல்லப் போகிறேன். அப்படிச் சொல்ல வைத்தது 'ஸாண்ட்மேன்' என்ற ஆங்கிலத் தொடர்.

அதன் மூலம் ஒரு சித்திரக்கதை. சித்திரக்கதை என்றதும் குழந்தைகள் சமாசாரம் என்று பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். நீல் கெய்மன் எழுத, பல சித்திரக்காரர்கள் வரைய, 1989 முதல் 1996 வரை அமெரிக்காவில் 75 இதழ்களாக வெளிவந்தது. கனவுகளுக்கெல்லாம் அரசன் ஒருவன். அவனுடைய அக்கா மரணம். பாசக் கயிறும் எருமையும் இல்லாமல், சிரித்த முகத்தோடு உயிரை அழைத்துப் போகிறவள்!

இதைச் சினிமாவாக எடுக்கப் பல வருஷங்கள் முயன்றார்கள். கதைவசனம் எழுதினார்கள், ஆட்களை மாற்றினார்கள்; காரியம் ஆகவில்லை. யானையைப் பானைக்குள் அடைக்க முடியுமா? கடைசியில் 2022 ஆகஸ்டில் நெட்ஃபிளிக்ஸ் அதைத் தொடராகவே கொண்டுவந்தது. 2025 ஜூலையில் இரண்டாம் பாகமும் வந்து கதை முடிந்தது. மாதம் ஓர் இதழாகக் காத்திருந்து படித்த கதையில், முதல் பத்து அத்தியாயங்களை ஒரே நாளில் இலை நிறையப் பரிமாறிவிட்டார்கள்.

சில்லறை மாற்றங்கள் பல உண்டு. புத்தகத்தில் அரசன் பேசும் பேச்சுக் கறுப்புக் கூண்டுக்குள் வெள்ளை எழுத்தாக இருக்கும். அவன் கண்கள் இருட்டாகவும், அந்த இருட்டுக்குள் நட்சத்திரமாகவும் இருக்கும். தொடரில் டாம் ஸ்டரிட்ஜ் என்ற நடிகர் தம் சொந்தக் கண்களோடுதான் வருகிறார். கறுப்புக் கூண்டு செய்த வேலையை அவர் குரல் செய்கிறது. இதையெல்லாம் பெரிதாகச் சொல்ல வேண்டியதில்லை. நான் சொல்ல வந்த மாற்றம் வேறு.

புத்தகத்தில் ஒரு மந்திரவாதி 1916-ல் அரசனைப் பிடித்துக் கண்ணாடிக் கோளத்துக்குள் அடைக்கிறான். அரசன் விடுதலை ஆவது 1988-ல். அன்றைய வாசகர்களுக்கு அது 'இன்று'. தொடர் எடுத்தவர்களோ தங்கள் காலத்து 'இன்று' வேண்டுமென்று, சிறைவாசத்தை நூறு வருஷத்துக்கு மேல் நீட்டினார்கள். ஓர் எண்ணை அழித்து வேறு எண் எழுதினால் தீர்ந்தது என்றுதானே தோன்றும்? தீரவில்லை.

கதையில் ஹாப் என்று ஒருவன் வருகிறான். 1389-ல், இங்கிலாந்தில் ஒரு மதுக்கடையில் உட்கார்ந்து, "சாவு என்பது முட்டாள்தனமான பழக்கம், நான் சாகப் போவதில்லை" என்று சவடால் அடிக்கிறான். அக்காவும் தம்பியும் அதைக் கேட்டு விடுகிறார்கள். "நூறு வருஷம் கழித்து இதே இடத்துக்கு வா" என்கிறான் அரசன். அப்படியே நூற்றாண்டுக்கு ஒரு முறை சந்திக்கிறார்கள். 1889-ல் ஹாப், "உனக்குத் தனிமை, சிநேகிதன் வேண்டித்தான் வருகிறாய்" என்று சொல்லிவிடுகிறான். அரசனுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வர, எழுந்து போய்விடுகிறான். புத்தகத்தில் 1989-ல் அவன் ஒழுங்காக வந்து, சிநேகிதன்தான் என்று ஒப்புக்கொள்கிறான். அழகான முடிவு.

தொடரிலோ 1989-ல் அரசன் சிறையில் அல்லவா இருக்கிறான்! ஹாப் மட்டும் வந்து உட்கார்ந்திருக்கிறான். வாசலைப் பார்க்கிறான். அந்த இடமே விலைக்குப் போகிறது என்ற செய்திதான் கிடைக்கிறது. பழைய கோபம் தீரவில்லையோ, வேறு என்னவோ, அவனுக்கு எப்படித் தெரியும்? விடுதலையான அரசன் பல வருஷங்கள் பிந்தி வந்தால், கடை பூட்டிக் கிடக்கிறது. சற்றுத் தள்ளிப் புதுக் கடையில் அதே ஹாப்! தாமதத்துக்கு அரசன் மன்னிப்புக் கேட்கிறான். தனக்குச் சிநேகிதமே தேவையில்லை என்று கர்வத்தோடு எழுந்து போனவன், நூறு வருஷம் தனியாகக் கிடந்துவிட்டு வந்து கேட்கிற மன்னிப்பு அது. கணக்குக்காகச் செய்த மாற்றம் கண்ணீரில் வந்து நின்றது.

எனக்கு இதில் சொந்த அக்கறையும் உண்டு. என் நாவல் ஒன்றைத் தொடராக எடுக்க வேண்டுமென்று ஒரு நிறுவனத்தார் வந்தார்கள். 1962-ல் நடக்கும் கதை. தபாலில் பதினொரு நாள் தாமதமான ஒரு கடிதம். அந்தப் பதினொரு நாளில் ஒரு பெண்ணுக்கு வேறு இடத்தில் நிச்சயமாகிவிடுகிறது. வந்தவர் உற்சாகமாக, "கதையை இன்றைக்குக் கொண்டுவந்துவிடலாம், சார். கடிதம் மட்டும் செல்போன் ஆகிவிடும். மற்றதெல்லாம் அப்படியே!" என்றார்.

அந்த "மற்றதெல்லாம் அப்படியே"தான் எனக்கு வயிற்றைக் கலக்கிற்று. கடிதம் போனால் பதினொரு நாளும் போய்விடும். பதினொரு நாள் போனால் என் கதையில் என்ன மிச்சம்?

"தாராளமாக மாற்றுங்கள்" என்றேன். "ஆனால் செய்தி அனுப்பிய நிமிஷமே கைக்கு வந்து சேருகிற காலத்தில், அந்தப் பெண் அதைப் படித்தும் ஏன் பதில் போடவில்லை? அதை மட்டும் கண்டுபிடித்துக்கொண்டு வாருங்கள். அன்றே கையெழுத்துப் போடுகிறேன்."

யோசித்து வருவதாகச் சொல்லிப் போனார். தாமதமானால் பாதகமில்லை.