முதல் ஸ்வரம் எங்கே போனது?

இரவு பத்தரைக்குப் பாத்திரம் கழுவி, இட்லிக்கு மாவு கரைத்து வைத்தபின் எனக்கென்று ஒரு மணி நேரம் கிடைக்கும். அதில் நான் இசை செய்கிறேன். விசிவி ரேக் என்ற மென்பொருள் 2017இல் வெளியானது, இலவசமாகவே கிடைக்கிறது. மாடுலர் சிந்தசைசரின் பெட்டிகளைத் திரையில் அடுக்கி, கேபிள் இழுத்து இணைக்கலாம். நிஜப் பெட்டிகளை வாங்க என் சம்பளம் போதாது.

இரண்டு சீக்வென்சர்கள் வைத்திருந்தேன். கிளாக்கின் ஒவ்வொரு துடிப்புக்கும் ஒரு படி நகர்ந்து அடுத்த ஸ்வரத்தை ஒலிக்கவைக்கும் கருவி அது. ஒன்றில் தாளம், மற்றதில் மெட்டு. இரண்டுக்கும் கிளாக் ஒன்றுதான். ஆனாலும் ரீசெட் அழுத்தித் தொடங்கும்போதெல்லாம் மெட்டு இரண்டாம் படியிலிருந்தே ஒலித்தது. முதல் ஸ்வரத்தைக் காணோம்.

முன்பு ஒரு பயிற்சிப் பட்டறையிலும் எனக்கு இதே சிக்கல் வந்தது. "நகருங்க மேடம், நான் போட்டுத் தர்றேன்" என்று பயிற்சியாளர் மௌஸை வாங்கினார். இரண்டு கேபிளை மாற்றிவிட்டுப் போய்விட்டார். பக்கத்து மேசைப் பையனுக்கு மட்டும் காரணத்தை விளக்கினார். எனக்கு இசை கிடைத்தது, விளக்கம் கிடைக்கவில்லை. நானும் நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

இந்த முறை யாரையும் கேட்கவில்லை. நான்காம் இரவில் பிடிபட்டது. இந்த மென்பொருளில் ஒவ்வொரு கேபிளும் ஒரு சாம்பிள் தாமதம் தரும். நொடியை 48,000 துண்டாக்கினால் அதில் ஒன்று. ரீசெட் நேராக வந்தது. மெட்டின் கிளாக்கோ வேகத்தைப் பாதியாக்கும் ஒரு பெட்டி வழியாகச் சுற்றி வந்தது. முதல் படிக்குத் திரும்பிய சீக்வென்சரை, ஒரு சாம்பிள் பிந்தி வந்த அந்தத் துடிப்பு இரண்டாம் படிக்குத் தள்ளிவிட்டது. ரீசெட்டையும் ஒரு பெட்டி வழியாக அனுப்பினேன். இரண்டும் சேர்ந்து வந்தன. முதல் ஸ்வரம் கேட்டது.

அடுத்து லூப். நிமிடத்துக்கு 120 துடிப்பு, நான்கு துடிப்புக்கு ஓர் ஆவர்த்தம் என்றால் நான்கு ஆவர்த்தம் சரியாக 8 நொடி. கையால் நிறுத்தி லூப் 0.05 நொடி நீண்டுவிட்டால், இருபது சுற்றில் ஒரு முழு நொடி விலகிவிடும். அதனால் பதிவைத் தொடங்குவதையும் முடிப்பதையும் கிளாக்கிடமே விட்டேன். மைக்கில் பாட ஆரம்பித்தேன். ஆறாம் நொடியில், "அம்மா, தண்ணி!" மறுபடி பாடினேன். "இன்னும் தூங்கலையா?" என்றார் கணவர். எட்டு நொடி முழுதாக என் கைக்கு வரவில்லை.

1963இல் பிபிசியின் ரேடியோஃபோனிக் ஒர்க்‌ஷாப்பில் டெலியா டெர்பிஷர் 'டாக்டர் ஹூ' தொடரின் முகப்பிசையை உருவாக்கினார். மெட்டு ரான் கிரெய்னருடையது. நாடாவைத் துண்டு துண்டாக வெட்டி ஒட்டி, பல நாடா இயந்திரங்களைக் கையாலேயே ஒரே நேரத்தில் ஓடவிட்டு அதை ஒலியாக்கியவர் டெலியா. அவர் பெயர் தொடரின் திரையில் வந்தது 2013இல். அவர் இறந்து பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு.

எழுந்துபோய், "தண்ணி பானையில இருக்கு, எடுத்துக் குடிங்க. பதினொன்றரை வரைக்கும் என்னைக் கூப்பிடாதீங்க" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினேன். வீடு இடிந்து விழவில்லை.

போன மாதம் எதிர்வீட்டுக் கல்லூரி மாணவி மடிக்கணினியோடு வந்தாள். "அக்கா, முதல் ஸ்வரம் வரவே மாட்டேங்குது." மௌஸை நோக்கிப் போன கையை மடியில் வைத்துக்கொண்டேன். "ரீசெட் எத்தனை கேபிள் தாண்டி வருது, கிளாக் எத்தனை தாண்டி வருது? எண்ணிச் சொல்லு" என்றேன். எண்ணத் தொடங்கினாள்.