பொம்பள வேஷம் கட்டினது யாரு?

நாடக வரலாறுன்னு கூகுள்ல தேடிப் பாருங்க மக்களே. சங்கரதாஸ் சுவாமிகள் கிடைப்பார். 1922-ல் நம்ம புதுச்சேரியிலதான் காலமானார், கருவடிக்குப்பத்துல சமாதி இருக்கு. அடுத்தது பம்மல் சம்பந்த முதலியார். 1891-ல் சென்னையில நண்பர்களோட சேர்ந்து சுகுண விலாச சபாவை ஆரம்பிச்சவர். வக்கீலா, அப்புறம் நீதிபதியா இருந்துக்கிட்டே நடிச்சார். 'நாடக மேடை நினைவுகள்' எழுதி வச்சதால அந்தக் கதையெல்லாம் நமக்குத் தெரியுது.

ஆனா திருவிழா ராத்திரிக்கு மட்டும் வேஷம் கட்டின ஊர்க்காரங்க கதையை யார் எழுதினா?

போன மாசம் லீவுக்குப் போனப்ப, தவளக்குப்பத்துல எங்க தெரு தாத்தா ஒருத்தர் முன்னாடி செல்போன்ல ரெக்கார்டரைப் போட்டு வச்சேன். "எந்த வருஷம் தாத்தா?"ன்னா யோசிச்சுக்கிட்டே இருந்தார். "பொம்பள வேஷம் யாரு கட்டினா?"ன்னதும் ஒரு மணி நேரம் நிறுத்தவே இல்லை! புடவை யார் வீட்டுது, வசூலுக்கு யார் போனா, வசனம் மறந்தப்ப திரைக்குப் பின்னாடி நின்னு எடுத்துக் கொடுத்தது யாருன்னு எல்லாம் வந்துச்சு. கடைசியில மெதுவா சொன்னார், "கூட நடிச்சவங்கள்ல நான் மட்டும்தான் மிச்சம் தம்பி."

அதனால பொங்கலுக்கு ஊருக்குப் போறவங்க உங்க ஊர் 'ராஜபார்ட்'டைத் தேடிப் பிடிங்க. வருஷத்தை விடுங்க, ஆளுங்களைப் பத்திக் கேளுங்க. முன்வரிசையில பாய் விரிச்சு உக்காந்து பார்த்த பாட்டிகளையும் மறக்காதீங்க. ஃபைலுக்குப் பேர், ஊர், தேதி போட்டு ரெண்டு இடத்துல சேமிச்சு வைங்க. அடுத்த லீவுக்குப் பாத்துக்கலாம்னு மட்டும் தள்ளிப் போடாதீங்க.