தண்ணி ஊத்தாத

வயிற்றை மூடி நாலு நாள் ஆகியிருந்தது. காலையில் டாக்டர், மத்தியானம் நர்சம்மா, ராத்திரி அம்மா, எல்லாருக்கும் ஒரே கேள்விதான்: "காத்து பிரிஞ்சுதா?" பக்கத்துக் கட்டில்காரர்கூட தலையைத் தூக்கிக் கேட்டார். நான் குசு விடுவதற்கு இத்தனை பேர் காத்திருப்பார்கள் என்று கனவிலும் நினைத்ததில்லை. குடலை வெட்டி ஒட்டினால் சில நாள் அசையாமல் கிடக்குமாம். அசைந்த பிறகுதான் கஞ்சித் தண்ணி.

அதற்கு நாலு மாசம் முன்னால் என் பெருங்குடல் முறுக்கிக்கொண்டு அழுகிவிட்டது. அழுகினதை வெட்டி எடுத்து, மிச்சக் குடலின் நுனியை இடது வயிற்றில் துளை போட்டு வெளியே தைத்து வைத்தார்கள். நாக்கு மாதிரி சிவப்பாக இருக்கும். தொட்டால் வலிக்காது, அடக்கவும் முடியாது. அதுபாட்டுக்குப் பையில் இறங்கும். 1793இல் பிரான்சில் துரே என்கிற டாக்டர் மலவாய் இல்லாமல் பிறந்த குழந்தைக்கு இப்படி வழி வைத்து, அது 45 வயசு வரை வாழ்ந்ததாம். எனக்கு அதில் ஆறுதல் இல்லை. நான் படித்துக் குமாஸ்தாவானதே பீயை விட்டு ஓடத்தான். அது என் வயிற்றிலேயே வந்து தொங்கியது.

அம்மா ஆழ்வார்திருநகரியில் எடுப்புக் கக்கூஸ் அள்ளியவள். பார்ப்பனரான மதுரகவி வேளாளரான நம்மாழ்வாரைக் குருவாக ஏற்ற ஊர் என்று பெருமை பேசுவார்கள். அம்மா அந்த வீடுகளுக்குப் பின்சந்து வழியாகத்தான் போனாள், தகரமும் வாளியுமாக. 1993இல் தடைச் சட்டம் வந்தது, 2013இல் இன்னொன்று. முதல் சட்டம் வருவதற்குள்ளேயே அவள் இடுப்பு போய்விட்டது.

பையைக் கழற்ற என் பொண்டாட்டியைக்கூட நான் விடவில்லை. ரயிலில் ஒருத்தர் எழுந்து வேறு இடத்துக்குப் போனால், பை நாத்தமா, ஆளைத் தெரிந்துகொண்டாரா என்று திருநெல்வேலி வரை யோசித்துக்கொண்டே வருவேன். ஒருநாள் அம்மா என் கையைத் தட்டிவிட்டு முன்னால் உட்கார்ந்தாள்.

"எம்மா, நீ தொடாத. ஊரான் பீய அள்ளுனது போதும்."

"சும்மா கிடல. அத அள்ளும்போது மூக்கப் பொத்துனனா?"

பழைய வேட்டியைக் கிழித்து, வெந்நீரில் நனைத்து, புண்ணாகிப்போன தோலில் படாமல் துடைத்தாள். ஒரு சொட்டு சிந்தவில்லை. அப்போதுதான் சொன்னாள்: எந்த வீட்டில் சீதபேதி, எந்தக் கிழவருக்கு ரத்தம் போகிறது என்பதெல்லாம் டாக்டருக்கு முன்னாலேயே அவளுக்குத் தெரியுமாம். "சொல்லலையாம்மா?" என்றேன். "எங்கிட்ட யாரு கேட்டா?" என்றாள். கூலியை எட்ட நின்று போட்டவர்கள், அவளிடம் என்ன கேட்டிருக்கப் போகிறார்கள்!

அஞ்சாம் நாள் விடியக்காலையில் காத்து பிரிந்தது. வார்டே சிரித்தது. வீட்டுக்கு வந்த பிறகுதான் பாடு. நாலு மாசம் வேலையில்லாமல் கிடந்த பாதை. ஒரு நாளைக்குப் பத்துத் தடவை ஓடினேன். பாதித் தடவை கக்கூஸ் வாசலிலேயே வேட்டி நனைந்துவிடும். எரிச்சலில் உட்கார முடியாது. தண்ணிக் குடம் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார், தையல் விட்டால் குடல் பிதுங்கிவிடுமாம். இட்லியும் மோரும் குழைந்த சோறுமாக நாள் போனது.

மூணாவது வாரம் ஒரு காலையில் அவசரமில்லாமல் போய் உட்கார்ந்தேன். எழுந்து வாளியைத் தூக்கியபோது வெளியே அம்மா குரல் கேட்டது.

"எய்யா, தண்ணி ஊத்தாத. நான் பாக்கணும்."

ஐம்பது வயசுக்காரனுக்கு வெட்கமாக இருந்தது. கதவைத் திறந்தேன். இடுப்பைப் பிடித்துக்கொண்டு குனிந்து, ரொம்ப நேரம் பார்த்தாள்.

"இனி பயமில்ல. ஊத்து."