செய்தியும் சேயும்

நுழையும்முன்

நடந்ததை நடந்தவாறு கூறுவது செய்தியின் கடமை. துன்புற்றது ஒரு குழந்தையாயின், கூறாது விடவேண்டியவையும் உண்டு. அவை எவை, கூறுவதை எச்சொல்லால் கூறவேண்டும் என்பதை இப்பாடம் ஆராய்கிறது.

சிதம்பரம் கீழவீதியில் காலை நேரத் தேநீர்க்கடை. ஒரே நாளிதழ் நான்கு கைகளுக்கு மாறுகிறது. கடலூர் மாவட்டச் செய்திகளுக்கிடையே, ஒரு குழந்தைக்கு இழைக்கப்பட்ட கொடுமை பற்றிய பத்தி. படித்தவர் முதலில் கேட்பது, “யார் வீட்டுப் பிள்ளை?” என்பதே. தெருவும் பள்ளியும் தந்தையின் தொழிலும் அச்சேறியிருந்தால், பெயரை மறைத்தும் பயனில்லை. விடை நொடியில் கிடைத்துவிடும்.

இதனைத் தடுக்கவே சட்டம் வேலியிட்டது. 2012 நவம்பர் 14 அன்று நடைமுறைக்கு வந்த, பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் சட்டத்தின் (போக்சோ) 23ஆம் பிரிவு, குழந்தையின் பெயர், முகவரி, ஒளிப்படம், குடும்ப விவரம், பள்ளி, வாழும் பகுதி ஆகியவற்றை ஊடகங்கள் வெளியிடுவதைத் தடைசெய்கிறது. குழந்தையின் நலன் கருதிச் சிறப்பு நீதிமன்றம் அனுமதித்தாலன்றி அவற்றை வெளியிடலாகாது. மீறுவோர்க்கு 6 மாதம் முதல் ஓராண்டு வரை சிறையோ அபராதமோ இரண்டுமோ விதிக்கப்படலாம்.

அடையாளத்தை மறைத்தால் மட்டும் போதுமா? சொல்லும் காயப்படுத்தும். நாளிதழ்கள் நெடுங்காலம் ‘கற்பழிப்பு’ என்றே எழுதிவந்தன. அச்சொல், துன்புற்றவள் எதையோ இழந்து குறைபட்டவள் என்னும் எண்ணத்தை விதைத்தது. ‘பாலியல் வன்கொடுமை’ என்னும் சொல்லோ கொடுமை செய்தவனைச் சுட்டுகிறது. ‘சீரழிக்கப்பட்ட சிறுமி’ என்னும் தலைப்பிலும் இக்குறையே உள்ளது. குற்றம் புரிந்தவன் அதில் மறைந்துவிடுகிறான், பழி குழந்தையின்மேல் தங்குகிறது.

‘காமக் கொடூரன்’ போன்ற அடைமொழிகளும் உண்மையை மறைப்பனவே. குற்றவாளி எங்கிருந்தோ வந்த அரக்கன் என அவை நம்பவைக்கின்றன. பெரும்பாலான வழக்குகளில் அவன் குழந்தைக்கு முன்பே அறிமுகமானவன் என்பதைத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கைகள் காட்டுகின்றன.

சிறுவர்களும் இக்காப்புக்கு உரியவர்களே. 2021 அக்டோபரில் சிதம்பரத்து அரசுப் பள்ளி ஒன்றில் ஆசிரியர் ஒருவர் மாணவனை அடித்து உதைத்த காட்சி கைப்பேசி வழியே பரவியது. ஆசிரியர் கைது செய்யப்பட்டார். கொடுமை வெளிப்பட்டது நன்று. ஆயினும் அக்காட்சி ஓடிய ஒவ்வொரு முறையும் அம்மாணவன் பலர் கண்முன் மீண்டும் அடிபட்டான் அல்லவா?

கடலூர் மாவட்டத்தில் 2014இல் சிறுமியர் இருவர் பாலியல் கொடுமைக்கு உள்ளாயினர். அவ்வழக்கில் 16 பேரைக் குற்றவாளிகள் எனக் கடலூர் மகளிர் நீதிமன்றம் அறிவித்தது 2019 ஜனவரியில். செய்தி ஒரே நாளில் பழையதாகிவிடும். குழந்தையோ நீதிக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருந்து, வளர்ந்து, கற்று, வாழவேண்டும். ஒருநாள் அச்சேறிய அடையாளம் அவ்வாழ்நாள் முழுதும் உடன்வரும்.

ஆகவே, செய்தியில் குழந்தையின் அடையாளம் மறையட்டும். குற்றமும், வழக்கின் நிலையும், உதவிக்கு அழைக்கவேண்டிய 1098 என்னும் எண்ணும் விளங்கட்டும். தேநீர்க்கடையில் நாளிதழை விரிப்பவரும், “யார் வீட்டுப் பிள்ளை?” என்பதை விடுத்து, “வழக்கு என்னவாயிற்று?” என்று கேட்கப் பழகட்டும்.