வீட்டு இணையமும் நாங்களும்

காந்திகிராமம் 1947-ஆம் ஆண்டில் டாக்டர் சௌந்தரம் அம்மையாரும் ஜி. இராமச்சந்திரன் அவர்களும் தோற்றுவித்த நிறுவனத்தால் பெயர் பெற்றது. கிராமத்தைத் தேடிக் கல்வி வரவேண்டும் என்பது அவர்களது நோக்கம். இன்று கல்லூரி வாசலே இணையத்தின் வழியாகத்தான் திறக்கிறது. 2018 முதல் பொறியியல் கலந்தாய்வு இணையவழியில் நடைபெறுகிறதன்றோ?

சென்ற ஆண்டு எங்கள் அக்காவின் முறை. விரும்பும் கல்லூரிகளைப் பதிய மூன்றே நாட்கள். வீட்டு இணையமோ நத்தையாய் ஊர்ந்தது! கூடுதல் பணம் கட்டி வேகத்தை உயர்த்தலாம் என்றார் அப்பா. முதலில் நோயைக் கண்டறிவோம் என்றோம் நாங்கள்.

ரௌட்டருடன் கணினியைக் கம்பியால் இணைத்துச் சோதித்தோம், வேகம் குறையவில்லை. ஆகவே தடை வீட்டுக்குள்தான் என்று தெளிந்தோம். ரௌட்டர் இரும்பு பீரோவின் பின்னால் தரையில் இருந்தது. இரும்பு வானொலி அலைகளைத் தடுக்கும். தடித்த சுவர் அவற்றை வலுவிழக்கச் செய்யும். ரௌட்டரைக் கூடத்தின் நடுவே உயரமான பலகையில் வைத்தோம்.

அலைவரிசைகள் இரண்டு. 2.4 கிகாஹெர்ட்ஸ் தொலைவு செல்லும். ஆனால் அண்டை வீட்டுக் கருவிகளும் மைக்ரோவேவ் அடுப்பும் அதில் இடையூறு செய்யும். 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது. சுவர்களைத் தாண்டும்போது தளரும். எனவே கூடத்திற்கு 5, பின்னறைக்கு 2.4 என்று வகுத்துக்கொண்டோம். தம்பியும் படம் பார்ப்பதை அக்காவுக்காக நிறுத்திவைத்தான்.

இரண்டாம் நாள் மாலையே அக்கா பதிவை முடித்துவிட்டாள். காசு செலவில்லை, அப்பாவின் முகத்தில் புன்னகை!

தோழியரே! புதியது வாங்குமுன், இருப்பது எங்கே தடைபடுகிறது என்று பாருங்கள். விட்டுக்கொடுக்கும் மனமும் வீட்டில் இருந்தால் பாதித் தடை தானே நீங்கும்.